எளைப்பு

அவளுக்கு நோட்டு தேவைப்படவில்லை. எனக்கு முதன்முதலில் பொறுக்காமல் போனது அதுதான்.

நாங்கள் இரண்டு பேரும் காஞ்சிபுரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தோம். ரிமோட்டில் பறக்கும் சிறிய விமானங்கள் செய்கிற மன்றம் ஒன்று அங்கே இருந்தது. அதில் பெண்கள் நாங்கள் இருவர் மட்டும். அவள் உத்திரமேரூர் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வீட்டுப் பெண். நான் சாலவாக்கத்துக்கு உள்ளே தள்ளி, ஏரிக்கரை ஓரத்து ஊர். நைனா மூன்றாவதோடு நிறுத்தியவர். அம்மா பள்ளிக்கூடத்துக்குச் சத்துணவு சமைக்க மட்டும் போனவள். எங்கள் வகையறாவில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அதை நான் மறந்ததில்லை. மற்றவர்களை மறக்க விட்டதும் இல்லை.

அந்தப் பெருமையை நான் நாக்கிலேயே வைத்திருந்தேன் என்று சொல்லலாம். எங்கள் வீட்டில் ழ கிடையாது. மழை மய ஆகும், வாழைப்பழம் வாயப்பயம் ஆகும், சில வார்த்தைகளில் ழ போய் ள வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் மட்டும் சரியாகச் சொல்வேன். "வாழைப்பழம் கொடும்மா" என்றால் அம்மா, "தோ, ரேடியோ பேசுது" என்பாள். அவளுக்கும் ழ வராது, என் தோழிக்கு. வராததைப் பற்றி அவளுக்குக் கவலையும் கிடையாது.

மன்றத்தில் இருந்தது ஒரே ஒரு எஞ்சின். உள்ளங்கையில் அடங்கும். முதலில் அது மெத்தனால் கலந்த எரிபொருளில், தலையில் ஒரு பிளக் கனன்று ஓடுகிற வகையாக இருந்தது. அந்த எரிபொருள் சரியாகக் கிடைக்காததால், எங்களுக்கு முன்னால் படித்தவர்கள் யாரோ அந்தத் தலையைக் கழற்றிவிட்டு டீசல் தலை ஒன்றை மாட்டியிருந்தார்கள். இதில் பிளக் இல்லை. நடுவில் ஒரு ஸ்க்ரூ. அதை இறுக்கினால் உள்ளே அழுத்தம் கூடும். அழுத்தத்தின் சூட்டில் எரிபொருள் தானாகப் பற்றும். டீசல் என்பது பெயர் மட்டும்தான். ஊற்றுவது மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும், கெமிஸ்ட்ரி லேபில் கையெழுத்துப் போட்டு வாங்கும் ஈதரும்.

பஜாரில் எண்ணெய்க் கடைக்குப் போய் நாங்கள் ஒரு லிட்டர் விளக்கெண்ணெய் கேட்ட அன்று கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு லிட்டரா? யாருக்கும்மா வயிறு அவ்ளோ பேஜாரா கீது?"

"ஏரோப்ளேனுக்கு அண்ணே" என்றாள் அவள்.

"அதுக்கும் கட்டிக்கிச்சா?"

"மூணு நாளா எந்திரிக்கவே இல்ல அண்ணே."

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வழியெல்லாம் எனக்கு ஏன் அப்படி ஒரு பதில் வரவில்லை என்று நினைத்துக்கொண்டே வந்தேன். என்னைக் கேட்டிருந்தால் எரிபொருளில் எண்ணெய் எதற்கு என்று விளக்கம் சொல்லியிருப்பேன். ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

எங்கள் ஊர் ஏரி வைகாசியில் காய்ந்து கிடக்கும். ஓடுபாதைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அதனால் விமானம் எங்கள் வீட்டில்தான் இருக்கும். அவள் ஸ்கூட்டியில் வருவாள். வந்த இரண்டாவது நாளே அம்மாவின் மிக்ஸியைப் பிரித்துப் போட்டு ஓட வைத்துவிட்டாள். அம்மா அவளுக்கு இரண்டு முட்டை அவித்து வைத்தாள். எனக்கு ஒன்று.

"படிச்ச பொண்ணுன்னா இப்டி இருக்கணும்" என்றாள் அம்மா, என் எதிரிலேயே.

"நானும்தான் படிக்கிறேன்."

"நீ படிக்கிற. அது ரிப்பேரு பண்ணுது."

அந்த வருடம் கோயம்புத்தூரில் கல்லூரிகளுக்கு இடையே ஒரு போட்டி. அதிக எடை தூக்கிப் பறக்கும் விமானத்துக்குப் பரிசு. ஒரு அணிக்கு ஒரே ஒரு பைலட். எனக்கு அந்த இடம் வேண்டும். எங்கள் ஊரிலிருந்து ஒருத்தி, அதுவும் எங்கள் வீட்டிலிருந்து, ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு அத்தனை கல்லூரிக்காரர்கள் முன்னால் நிற்க வேண்டும். படுத்தாலும் எழுந்தாலும் அந்தப் படம்தான் கண்ணில் ஓடியது. மன்றத்துக்குப் பொறுப்பான சார், சண்டை வராமல் இருக்க ஒரு வழி சொன்னார்: சனிக்கிழமை காலை ஏரியில் இரண்டு பேரும் ஆளுக்கு ஒருமுறை பறக்க வேண்டும். எஞ்சின் ஒன்று, விமானம் ஒன்று. புரொப்பெல்லரை மட்டும் அவரவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதிக மணலைத் தூக்குகிறவள் பைலட்.

புரொப்பெல்லரில் இரண்டு எண்கள் போட்டிருக்கும். பத்துக்கு ஆறு என்றால் நீளம் பத்து அங்குலம். ஒரு சுற்றுக்கு, மரத்தில் ஸ்க்ரூ இறங்குவதுபோல, காற்றில் ஆறு அங்குலம் முன்னேறும் என்று கணக்கு. நான் எஞ்சின் அளவுக்கான அட்டவணையைத் தேடி எடுத்தேன், நோட்டில் கட்டம் போட்டேன், பத்துக்கு ஆறைத் தேர்ந்தெடுத்தேன். புதன்கிழமை மாலை அதை மாட்டி ஓட்டி டேக்கோமீட்டரைக் காட்டினால் நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல். பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டேன்.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சும்மா கத்துதுடி. இளுக்கல."

"பன்னிரண்டாயிரம் சுத்துது."

"சுத்தும். தண்ணி ஏறாம ஓடற பம்ப்செட்டு கூடத்தான் சுத்தும். ஒங்க நைனாவ கேளு."

எஞ்சினை நிறுத்தி, தான் கொண்டுவந்திருந்த மரப் புரொப்பெல்லர் ஒன்றை மாட்டினாள். பன்னிரண்டுக்கு ஆறு. அது தரையில் இடிக்கும் என்பதால் சக்கரக் கால்களைக் கூட முன்னமே தடித்த கம்பியில் உயரமாக வளைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஓட்டியதும் டேக்கோமீட்டர் ஒன்பதாயிரத்துக்கு இறங்கியது. நான் சிரித்தேன்.

"இரு" என்றாள். கடையில் ஆணி நிறுக்கும் கொக்கித் தராசைத் தென்னை மரத்தில் கட்டி, அதன் கொக்கியில் விமானத்தின் வாலை மாட்டினாள். என் புரொப்பெல்லர் இழுத்தது ஒன்றே முக்கால் கிலோ. அவளுடையது இரண்டேகால்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் அட்டவணை பிளக் தலைக்கானது. டீசல் தலை மாட்டியதும் அது வேறு எஞ்சின். மெதுவாகச் சுற்றும், ஆனால் பாரம் கேட்கும். சின்னப் புரொப்பெல்லர் அதற்குப் போதாது. இதை அவள் எங்கும் படிக்கவில்லை. நோட்டில் ஒரு எண்ணைக்கூட எழுதவில்லை. தராசின் முள்ளைப் பார்த்துவிட்டு, "கடிக்க எதனா பெருசா குடுத்தா சந்தோசமா கீது பாரு" என்று எஞ்சினைத் தட்டிக்கொடுத்தாள்.

நானும் பன்னிரண்டு அங்குலத்துக்கு மாறியிருக்கலாம். அவளே சொன்னாள்: "இதையே நீயும் மாட்டிக்கோயேன்." மாட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பதினொன்றுக்கு ஆறு அளவில் ஒரு நைலான் புரொப்பெல்லரை எடுத்து, அதுதான் என் கணக்குக்குச் சரியாக வருகிறது என்றேன். எந்தக் கணக்கு என்று அவள் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஓரிக்கையில் உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். நான் அம்மாவுக்குப் பதிலாகப் போக வேண்டியிருந்தது. அவள் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து தன் புரொப்பெல்லரை மாட்டி எஞ்சினை நீண்ட நேரம் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். மாலை பஸ்ஸில் திரும்பும்போது அவளுடைய வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் அவள் அப்பாவின் கடையில் யாரோ பெயின்ட் டப்பாவைக் குலுக்கும் சத்தம்.

"ஏ, எல்லாம் சூப்பரா கீதுடி. காத்தாடிய கயட்டி பையில வெச்சிட்டேன். கொஞ்சம் எளைப்பு மட்டும் கீது. கடையில அத்தா கூப்டுகினு கீறாரு, காலைல நீ பாத்துடு, இன்னா?"

எளைப்பு. எனக்கு உடனே புரிந்தது. எஞ்சின் சூடானதும் மூச்சு வாங்குகிறது, வேகம் துவள்கிறது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும். டீசல் தலையோடு வந்த ஆங்கிலத் தாளில் இருந்தது: பெரிய புரொப்பெல்லர் மாட்டினால், எஞ்சின் சூடான பிறகு அழுத்த ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்த வேண்டும். அந்தத் தாளை முழுதாகப் படித்தவள் மன்றத்தில் நான் ஒருத்திதான். என் பழக்கப்படி பஸ்ஸிலேயே நோட்டைத் திறந்து குறித்துக்கொண்டேன். குறிக்கும்போது எனக்கு வேறு எண்ணம் எதுவும் இல்லை. இதை உண்மையாகவே சொல்கிறேன்.

எண்ணம் வந்தது சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு, எங்கள் வீட்டில் அவள் விட்டுப்போன பையிலிருந்து அவளுடைய புரொப்பெல்லரை நான் எடுத்தபோது. அழகாக இருந்தது. வார்னிஷ் அடித்து, இரண்டு பக்கமும் எடை சரிபார்த்து வைத்திருந்தாள். விரலில் நடுவாக வைத்தால் எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது. என் நைலான் புரொப்பெல்லரை நான் விரலில் வைத்துப் பார்த்ததே இல்லை.

மெசேஜை இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். கொஞ்சம் எளைப்பு மட்டும் கீது. நீ பாத்துடு. அவள் வாயில் இளைப்பும் எளைப்புதான், தச்சர் மரத்தை இழைக்கிற இழைப்பும் எளைப்புதான். மரப் புரொப்பெல்லரை உப்புத்தாளால் இழைத்துச் சரிசெய்வதும் எங்களுக்குப் பழகிய வேலைதான். இழைப்பு வேலை கொஞ்சம் பாக்கி இருக்கிறது, நீ முடித்துவிடு என்று அவள் சொன்னதாக ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? நாக்கு அவளுடையது. தப்பு அவளுடையதாகத்தானே இருக்கும்.

உப்புத்தாளை எடுத்தேன். நீளத்தில் கை வைக்கவில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதன் இரண்டு இறக்கைகளின் அகலத்தை இழைத்துக் குறைத்தேன். இந்தப் பக்கம் பத்து இழுப்பு, அந்தப் பக்கம் பத்து இழுப்பு. மாவு மாதிரி மரத்தூள் மடியில் விழுந்தது. விரலில் வைத்துப் பார்த்தேன். அப்போதும் சாயாமல் நின்றது. அதில்கூட எனக்கு ஒரு பெருமை.

அம்மா சாணம் கரைத்துக்கொண்டே கேட்டாள். "இன்னாம்மே, காலங்காத்தால தேச்சிக்கினு கீற?"

"அவதான் இழைக்கச் சொன்னா."

அந்தப் பொய்யை முதலில் அம்மாவிடம் சொல்லிப் பழகிக்கொண்டேன்.

ஏழு மணிக்கு அவளும், பின்னாலேயே சாரும் ஏரிக்கு வந்துவிட்டார்கள். காற்று கிளம்புவதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார். முதலில் நான். பதினொன்றுக்கு ஆறு, அரைக் கிலோ மணல். விமானம் ஏரியின் பாதி தூரம் ஓடி, எழ மனமில்லாமல் எழுந்து, ஆடி ஆடி ஒரு சுற்று வந்து இறங்கியது. ஒரு சக்கரக் கால் வளைந்துகொண்டது. ஆனால் தூக்கிவிட்டது.

அவள் வளைந்த காலை நிமிர்த்திவிட்டு, மணல் பையைக் கட்டப் போனாள். அதற்குள் நானே அவள் புரொப்பெல்லரை மாட்டினேன்.

"எவ்வளவு போடப் போற?" என்று சார் கேட்டார்.

"ஒரு கிலோ சார்."

"ஒரே தடவைதான், ஒரு கிலோவா?"

"தராசுல பாத்தாச்சு சார். தூக்கும்."

புரொப்பெல்லரை நானே விரலால் சுண்டினேன்; எஞ்சின் ஒரே சுண்டலில் பற்றியது. சூடாகும்வரை காத்திருந்து, தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகம் மலர்ந்தது. இறக்கை ஒல்லியானதில் பாரம் குறைந்துவிட்டதால் எஞ்சின் துவளாமல் ஓடிக்கொண்டிருந்தது; அது அவளுக்குத் தெரியாது.

"ஏ! எளைப்பு போயிடுச்சே! இன்னாடி பண்ண?"

சொல்வதற்கு அதுதான் கடைசி நேரம்.

"நீ சொன்னத செஞ்சேன்" என்றேன்.

"நீ இல்லன்னா நான் காலிடி" என்று சொல்லி விமானத்தை விட்டாள்.

விமானம் நேராக, அழகாக ஓடியது. நான் ஓட்டியதைவிட நேராக. பாதி ஏரி தாண்டியது, முக்கால் தாண்டியது. வால் தூக்கியது, மூக்கு எழவில்லை. சத்தம் மட்டும் கச்சிதமாக இருந்தது. கடைசியில் அவள் எஞ்சினை அணைப்பதற்குள் கரையோரத்து வேலிக்காத்தான் புதரில் போய் நுழைந்தது.

அவள் ஓடினாள், நான் பின்னால் ஓடினேன். விமானத்துக்குப் பெரிய சேதம் இல்லை. புரொப்பெல்லர் இரண்டாக உடைந்திருந்தது. உடைந்த பாதியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வார்னிஷ் எங்கடி? இன்னா இது, இவ்ளோ ஒல்லியா கீது?"

"நீதான சொன்ன? கொஞ்சம் இழைப்பு கீது, பாத்துடுன்னு."

ஒரு நொடி வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அய்யோ! நான் மூச்ச சொன்னேன்டி! எஞ்சினு மூச்சு வாங்குதுன்னு! நீ மரத்த எளச்சிட்டியா?" சாரிடம் அவளே போய்ச் சொன்னாள். "இவ மேல தப்பில்ல சார். எல்லாம் என் நாக்கு. இதுக்குத்தான் இவ என்னை ழ சொல்லு ழ சொல்லுன்னு உயிர வாங்குவா."

சாரும் சிரித்துவிட்டார். வேறு பன்னிரண்டு அங்குலம் கையில் இல்லை. காற்றும் கிளம்பிவிட்டது. "சரி, விதின்னா விதி. தூக்கினது நீதான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் நினைத்தபடியே எல்லாம் நடந்துவிட்டது. அவள் என் தோளைத் தட்டி, "பைலட்டம்மா, பிரியாணி எப்போ?" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

முடிவை எழுதிவைக்க வேண்டும் என்று நோட்டைக் கேட்டாள். நான் அவள் நிமிர்த்திய சக்கரக் காலைப் பார்த்துக்கொண்டே எடுத்து நீட்டினேன். கடைசிப் பக்கத்தைத் தேடிப் புரட்டினாள். பேனா மூடியைக் கடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தேதி போட்டு, என் அச்சுப்போன்ற எழுத்தில், இருந்தது: '12 × 6. சூடானதும் இளைப்பு. அழுத்த ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் தளர்த்தவும்.'

அவள் மெதுவாகத்தான் கேட்டாள். சார் தூரத்தில் மணலைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"இது எப்போ எளுதின?"

"நேத்து. பஸ்ல."

"எனக்குத்தான் ரெண்டும் ஒண்ணு. ஒனக்கு இல்லல்ல?"

"இல்ல."

"இதுல நீ போட்டிருக்கறது மூச்சுக்குப் போடற ள தானே?"

"ஆமா."

எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுகிறவள் என்று பத்து வருடமாகப் பேர் வாங்கியிருந்தேன். பஸ் குலுங்கியதில் தவறிவிட்டது என்று சொன்னால் அவளே நம்ப மாட்டாள்.

அவள் கத்தவில்லை. பக்கத்தில் தேதி போட்டு, என் அரைக் கிலோவை எழுதினாள். தன்னுடையதற்கு நேராக ஒரு கோடு போட்டாள். நோட்டை மூடிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "கேட்டிருந்தா நானே வுட்டுக் குடுத்திருப்பேன்டி. கோயம்புத்தூர் எனக்கு அவ்ளோ பெரிய விஷயம் இல்ல."

அவள் என்னை அறைந்திருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. நான் படுத்தாலும் எழுந்தாலும் நினைத்த இடம், அவளுக்கு விட்டுக்கொடுக்கிற பொருள். இப்போது நான் வாயை மூடிக்கொண்டு கோயம்புத்தூர் போனால், அது அவள் போட்ட பிச்சையாகத்தான் இருக்கும். போட்டதை அவள் யாரிடமும் சொல்லவும் மாட்டாள். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் கை நீட்டி வாங்கியதில்லை.

சாரிடம் போனேன். நல்ல மனதால் போனேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. நோட்டைத் திறந்து காட்டி, "எனக்குப் புரிஞ்சுதான் சார் இழைச்சேன்" என்றேன். அவர் அந்த வரியைப் படித்தார், உடைந்த புரொப்பெல்லரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கால் சுத்து தளர்த்தினா சரியாயிடும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார்."

"அப்போ அவ ஓட்டட்டும். நீ எஞ்சினப் பாத்துக்கோ. இத செஞ்சதுக்கு உன்னை வுட்டுட்டுத்தான் போகணும். ஆனா அந்த இங்கிலீஷ் தாள வேற எவனும் படிக்கல."

அடுத்த வாரம் அவள் புதிய பன்னிரண்டுக்கு ஆறு கொண்டுவந்தாள். மாட்டி ஓட்டினோம். சூடானது, இளைத்தது, கால் சுற்றுத் தளர்த்தினேன், இளைப்பு நின்றது. இரண்டு பேரும் வேலை தவிர வேறு எதுவும் பேசவில்லை. முட்டையை அம்மா இரண்டு இரண்டாக வைத்தாள். அவள் ஒன்றைத் தொடவில்லை.

கோயம்புத்தூரில் வெயில் எங்கள் ஊரைவிடக் குறைவு. எஞ்சின் வேகம் பிடிக்கும்வரை ஒருவர் விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு மண்டியிட வேண்டும். பைலட் தலையசைத்தால் விட வேண்டும். பிடித்தவள் நான். அவள் தலையசைத்தாள், விட்டேன். ஒரு கிலோவுக்கு மேல் தூக்கிக்கொண்டு அது எழுந்தது. அதில் பாதி என் கால் சுற்று. ஆனால் எல்லோரும் பார்த்தது ரிமோட் பிடித்த கையை. அவள் இறக்கிய விதம் எவ்வளவு நன்றாக இருந்தது என்றால், எனக்குக் கைதட்டக்கூட வரவில்லை. பரிசு வேறு கல்லூரிக்குப் போனது. உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

மதியம் அம்மா போன் செய்தாள்.

"இன்னா, பறந்துச்சா?"

"பறந்துச்சும்மா."

"யாரு வுட்டது?"

"அவதான்."

"நல்லா வுட்டுச்சா?"

"நல்லா வுட்டா."

"நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"நான் புடிச்சிக்கினு இருந்தேன்."

"இன்னாத்த?"

"வால."

அம்மா அந்தப் பக்கம் நைனாவைக் கூப்பிட்டுச் சொல்வது கேட்டது. இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் என் பக்கத்தில் நின்று விமானத்தின் இறக்கையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.